கொறங்காட்டுக் குழியில் அடுக்கு பிடிபடாதபோது

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் நடுநடுவே வெள்வேல மரமுமாக விட்டுவைத்திருக்கும் மேய்ச்சல் காட்டைக் கொறங்காடு என்போம். ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அடியில் நைஸ் (gneiss) என்ற வரிப்பாறை. அது மக்கி உதிர்ந்து ஆனதுதான் மேலே கிடக்கும் மணல் மிகுந்த செவ்வல் மண்.

இந்த மண்ணில் குழி வெட்டி அடுக்கு எழுதுவது, அதாவது குழிச் சுவரில் மேலிருந்து கீழாகத் தெரியும் மண் அடுக்குகளைத் தாளில் பதிவது, லேசான வேலை போலத் தெரியும். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால்தான் ஒன்றும் பிடிபடாது. குழி வெட்டிவிட்டு, தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்குத்தான் இது. உங்கள் குழியில் என்ன தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

குழி ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் அல்லது பாறை தட்டும் வரை என்று வைத்துக்கொள்கிறேன். எழுதப்போகும் சுவரில் வெயில் நேராக விழ வேண்டும். அந்தச் சுவருக்கு மேலே மண்ணைக் கொட்டக்கூடாது, மிதிக்கவும் கூடாது. கையில் ஒரு குட்டைக் கத்தி, தண்ணீர் பீய்ச்சும் பாட்டில், டேப், ஒரு கைப்பிடி ஆணி, 10 மடங்கு காட்டும் லென்ஸ், சொட்டு பாட்டிலில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், மண்ணின் நிறத்துக்குக் குறி கொடுக்கும் மன்செல் வண்ணப் புத்தகம். இவ்வளவு போதும்.

குழிச் சுவர் சரிந்துகொண்டே இருக்கிறது

முதலில் வெளியே ஏறுங்கள். மணல் சுவர் சொல்லிவிட்டுச் சரியாது. மார்பளவு ஆழத்துக்கு மேல் தனியாக இறங்க வேண்டாம். எழுதும் சுவரை மட்டும் செங்குத்தாக விட்டு, எதிர்ப்பக்கத்தைப் படியாக வெட்டிக்கொள்ளுங்கள். கோடையில் மணல் பொலபொலவென்று கொட்டுகிறது என்றால், முந்தின நாள் மாலையில் அந்த இடத்தில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் வெட்டினால் நிற்கும். நனைத்தீர்கள் என்பதைத் தாளில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரப்பதம் என்ற வரிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு, கோடே தெரியவில்லை

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். பெரும்பாலும் குற்றம் மண்ணில் இல்லை, வெட்டிய விதத்தில். ஜேசிபி வாளி இழுத்த சுவரில் பல் தடம் இருக்கும், அதன்மேல் சாணி மெழுகியதுபோல ஒரு பூச்சும் இருக்கும். ஆள் வைத்து வெட்டினாலும் மண்வெட்டி முகம் இழுத்துவிட்டிருக்கும். மேலிருந்து உதிர்ந்த தூள் கீழே எல்லாவற்றையும் போர்த்தியிருக்கும். நீங்கள் பார்ப்பது மண் அடுக்கை அல்ல, அந்தப் பூச்சை.

கத்தியால் சீவாதீர்கள், சீவினால் இன்னொரு பூச்சுதான் வரும். கத்தி முனையைக் குத்தி, சின்னச் சின்னக் கட்டியாக நெம்பி எடுங்கள். மூன்று நான்கு செ.மீ. உள்ளே போனால் போதும். மேலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். தலைகீழாகச் செய்தால் சுத்தம் செய்த இடத்தில் தூள் விழுந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். முடித்தபின் சுவரின் இடது பாதியைக் காய்ந்தபடி விட்டு, வலது பாதியில் தண்ணீர் பீய்ச்சுங்கள். குழியை விட்டு ஏறி, எதிர்க்கரையில் நின்று பாருங்கள். உள்ளே மூக்கு முட்ட நின்று பார்க்கும்போது தெரியாத நிற மாற்றம் அங்கிருந்து தெரியும்.

அப்படியும் தெரியவில்லையா? சரி, கண்ணை நம்ப வேண்டாம், கையை நம்புங்கள். மேலிருந்து ஐந்து ஐந்து செ.மீ. இடைவெளியில் ஒரே அழுத்தத்தில் கத்தியைக் குத்திக்கொண்டே வாருங்கள். மணல் மிகுந்த மண்ணில் எல்லை கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். மேலே சரசரவென்று இறங்கும் கத்தி ஓரிடத்தில் லேசாகப் பிடிக்கும். அங்கே ஓர் ஆணி. கத்தியின் பிடியால் தட்டிப் பார்ப்பதும் உண்டு: உதிரி மணல் சத்தமே தராது, களி கூடிய அடுக்கு 'டொக்' என்னும். இதேபோல் சுவரில் மூன்று வரிசை இறங்கி, ஆணிகளைக் கண்ணால் கோத்துப் பாருங்கள். கோடு நேராகப் போகிறதா, அலையாக வளைகிறதா என்பதும் அதிலேயே வந்துவிடும்.

மாற்றம் 2 செ.மீ.க்குள் முடிந்தால் வெட்டென்ற எல்லை, 2 முதல் 5 வரை தெளிவானது, 5 முதல் 15 வரை படிப்படியானது, அதற்கும் மேல் என்றால் மங்கலானது. மங்கலாக இருக்கிறது என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இல்லாத கோட்டை இழுத்துக் கற்றுக்கொடுத்த நாலு அடுக்கும் வர வேண்டும் என்று அடம்பிடிப்பதுதான் தப்பு. இளம் மண்ணில் புல்வேர் ஓடிய மேல்மண், அதன் கீழே நேராக மக்கிய பாறை, அவ்வளவுதான். நடுவில் 'பி' அடுக்கு என்று ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நிறம் ஆளுக்கு ஒன்றாக வருகிறது

ஒருவர் காய்ந்த மண்ணைப் பார்த்திருப்பார், இன்னொருவர் நனைந்ததை. ஈரத்தில் நிறம் அடர்ந்து தெரியும். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஈர நிறத்துக்கு, இனி தண்ணீர் விட்டாலும் நிறம் மாறாது என்ற அளவுக்கு நனைத்தால் போதும். மினுமினுவென்று தண்ணீர் நின்றால் அதிகம். அதிகாலையிலும் அந்தி வெயிலிலும் எல்லாமே ஒரு படி சிவந்து தெரியும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனால் மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விரல் ஒன்று சொல்கிறது, ஆய்வகம் வேறொன்று சொல்கிறது

ஈரமண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடா இழுப்பது எல்லோருக்கும் தெரியும். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் மணல். உருண்டை பிடிக்கிறது, நாடா வரவில்லை என்றால் மணற்சாரி. நாடா 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் மணல் மிகுந்த இருமண்பாடு (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்). 2.5 முதல் 5 வரை நின்றால் களி கலந்த இருமண்பாடு. அதற்கு மேல் நீண்டால் களி.

இந்தக் காட்டு மண்ணில் இது மூன்று இடத்தில் ஏமாற்றும்.

முதலாவது காக்காப்பொன் (மைக்கா). நைஸ் பாறையில் அது நிறைய உண்டு. குழியின் அடிப்பகுதியில் பாறை மக்கும் இடத்தில் பொடிப்பொடியாகக் கிடக்கும். அதைத் தேய்த்தால் விரலில் வழுவழுவென்று களி மாதிரியே இருக்கும். நானும் ஒரு முறை 110 செ.மீ.க்குக் கீழே 'களி கூடுகிறது' என்று தைரியமாக எழுதிவிட்டு, விரலை வெயிலில் திருப்பினால் கல்யாண வீட்டு ஜிகினா தூவினதுபோல மினுக்குகிறது. வழுவழுப்பு இருந்து ஒட்டல் இல்லை என்றால் காக்காப்பொன்னைச் சந்தேகப்படுங்கள். களி விரலில் ஒட்டும், காய்ந்தால் கறையாகப் பிடிக்கும். காக்காப்பொன் ஊதினால் போய்விடும்.

இரண்டாவது, பிசைந்தது போதாமை. செவ்வலில் களித்துகள்கள் இரும்பு ஆக்சைடால் ஒட்டிக்கொண்டு, மணல் பருக்கை மாதிரி நடிக்கும். அரை நிமிடம் பிசைந்துவிட்டு 'மணற்சாரி' என்று எழுதினால், ஆய்வகம் களி அதிகம் என்று சொல்லத்தான் செய்யும். ஒன்றிரண்டு நிமிடமாவது விடாமல் பிசையுங்கள். பிசையப் பிசைய நெருநெருப்பு குறைந்து மாவுபோல ஆகிக்கொண்டே வந்தால், அது உண்மையான மணல் அல்ல.

மூன்றாவது, சரளை. 2 மி.மீ.க்கு மேற்பட்ட வெங்கச்சங்கல்லும் (வெள்ளைக் குவார்ட்ஸ் கல்) சுக்கான் என்னும் சுண்ணாம்பு உருண்டையும் மண் நயத்துக் கணக்கில், அதாவது மணல், வண்டல், களி விகிதத்தில், சேராது. 2 மி.மீ. சல்லடையில் சலித்துவிட்டு, மிஞ்சியதை நாடா இழுங்கள். கல்லின் பங்கைத் தனியாக, கன அளவில் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். கல் அதிகமான அடுக்கில் மண்ணே பாதிதான் இருக்கும் என்பது மேய்ச்சல்காரருக்கு நிறத்தைவிட முக்கியமான செய்தி.

இன்னொன்று. மேல்மண்ணில் களி 15 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், கீழடுக்கில் 3 சதவீதம் கூடினாலே அமெரிக்க வகைப்பாட்டு முறைப்படி அதைக் களி சேர்ந்த அடுக்கு என்று கணக்கில் எடுக்கலாம், மற்ற அடையாளங்களும் இருந்தால். 3 சதவீத வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் விரல் என்னிடம் இல்லை. அந்த இடத்தில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, லென்ஸை எடுங்கள். மணல் பருக்கைகளுக்கு நடுவே சிவப்பாகப் பசை வைத்துப் பாலம் போட்டதுபோல இருக்கிறதா, வேர்த்துளையின் உட்சுவரில் மெழுகுப் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து களி இறங்கி வந்து படிந்ததற்கு அதுதான் சாட்சி.

கத்தி இறங்க மறுக்கிறது

'கடின அடுக்கு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எதனால் கடினம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான்கு காரணம் இருக்கலாம், நான்குக்கும் வைத்தியம் வேறு.

அந்த அடுக்கிலிருந்து 2, 3 செ.மீ. அளவில் ஒரு கட்டியைப் பெயர்த்து நன்றாகக் காயவிடுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் முழுக்க முக்கி, ஒரு மணி நேரம் கை வைக்காமல் விடுங்கள். அதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

கட்டி கரைந்து சரிந்துவிட்டதா? அப்படியானால் எதுவும் சிமெண்டு போல ஒட்டவில்லை. ஒன்று, காய்ந்ததால் வந்த இறுக்கம். மழை பெய்தால் தானாக இளகிவிடும். இல்லாவிட்டால் மிதியால் வந்த இறுக்கம். பிரிக்க ஒரு வழி, கட்டியை உடைத்துப் பார்ப்பது. மாடும் ஆடும் ஈரத்தில் மிதித்த மண் மேலேயே, 5 முதல் 15 செ.மீ.க்குள், தோசை அடுக்கினதுபோலத் தட்டுத் தட்டாகப் பிரியும். சில வருடத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டு மறுபடி புல்லுக்கு விடும் காடு என்றால், கலப்பை முனை நின்ற ஆழத்திலும் இப்படி ஒரு இறுக்கம் இருக்கும். வேரைப் பாருங்கள்: நேராக இறங்கி வந்த வேர் அந்த மட்டத்தில் முழங்கை மடக்கியதுபோலத் திரும்பிப் படுத்து ஓடும். இதற்கு உளிக்கலப்பை உதவும்.

கட்டி தம்ளரில் அப்படியே உட்கார்ந்திருக்கிறதா? எடுத்து அமிலம் சொட்டுங்கள். பொங்கி, கொஞ்ச நேரத்தில் பொரிந்து உதிர்ந்தால் சுக்கான், அதாவது சுண்ணாம்பு இறுகிய அடுக்கு. அதை உளிக்கலப்பை சும்மா கீறும், அவ்வளவுதான். அது தொடர்ச்சியான பலகையா, நடுவே பிளவு இருக்கிறதா, வேர் அந்தப் பிளவில் இறங்கியிருக்கிறதா என்று எழுதுங்கள்.

அமிலத்துக்கும் அசையவில்லை என்றால், பெரும்பாலும் மக்கிய பாறையைத் தொட்டிருக்கிறீர்கள். நைஸ் பாறைக்கு வெள்ளையும் கறுப்புமாக வரி உண்டு. அந்த வரி சாய்வாக, விட்டுப்போகாமல், சுவரில் தொடர்ந்து ஓடுகிறதா? ஓடினால் அது பாறையின் வரி. மண் அடுக்கின் கோடு அல்ல. கடப்பாரைக்கு இறங்கினால் மக்கிய பாறை, தெறித்தால் பாறை. இரண்டையும் ஒரே சொல்லில் எழுதிவிடாதீர்கள். மக்கிய பாறையில் புல்வேர் கொஞ்ச தூரம் போகும், பாறையில் போகாது.

இந்த ஆழத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளியையும் துருப் புள்ளியையும் பார்த்துவிட்டு 'நீர் தேங்கும் அடையாளம்' என்று எழுதியவர்கள் உண்டு. மேட்டுக்காட்டில் ஒன்றரை மீட்டரில் நீர் எங்கே தேங்குகிறது? வெள்ளை, மக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற தாது. துரு, மக்கும் கறுப்புக் காக்காப்பொன். புள்ளி, கல்லின் உருவத்திலேயே இருந்தால் கல்லின் வேலை. வேர்த்துளையையும் பிளவையும் ஒட்டிப் போனால்தான் நீரின் வேலை.

அமிலம் தாறுமாறாகப் பொங்குகிறது

வழக்கமாக இந்த மண்ணில் மேலே சும்மா இருக்கும், கீழே போகப் போகப் பொங்கும். மழை கரைத்துக் கொண்டுபோன சுண்ணாம்பு, நீர் நின்று காயும் ஆழத்தில் படிகிறது. முதலில் வெள்ளை நூல் ஓடினதுபோல, பிறகு சுக்கான் உருண்டையாக, அப்புறம் பலகையாக. மாறாக மேலே பொங்கி நடுவில் பொங்காமல் இருந்தால் மூன்றைச் சரிபாருங்கள்.

காய்ந்த மணலில் எந்தத் திரவம் விட்டாலும் உள்ளே இருக்கும் காற்று குமிழாக வெளியேறும். அதைப் பொங்கல் என்று எழுதிவிடுவார்கள். முதலில் வெறும் தண்ணீரை விட்டு நனைத்து, குமிழ் அடங்கியபின் அமிலம் விடுங்கள். அடுத்தது, சுவரில் நேராகச் சொட்டினால் அமிலம் வழிந்து கீழடுக்கின் கணக்கைக் கெடுக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் எடுத்துப் பீங்கான் தட்டில் வைத்துச் சொட்டுங்கள். மூன்றாவது, பொங்குவது மண்ணா, அதில் கிடக்கும் சுக்கான் உருண்டையா? இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகச் சோதியுங்கள். மூன்றும் சரி, அப்படியும் மேலேதான் பொங்குகிறது என்றால், குழி வெட்டியபோது அடிமண் மேலே சிந்தியிருக்கும், அல்லது பக்கத்துக் கிணறு வெட்டிய மண்ணை அந்தக் காட்டில் இறைத்திருப்பார்கள். காட்டுக்காரரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

அமிலம் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்.

வெளிறிய மணல் மேலே, கறுத்த மண் கீழே

மேல்மண்தான் இலைதழை மக்கிக் கொஞ்சம் கறுத்திருக்கும், கீழே போகப் போக வெளிறும் அல்லது சிவக்கும் என்பது பாடம். ஒரு கொறங்காட்டில் கிழக்கு வேலிக்கு ஏழெட்டு அடி தள்ளி நான் வெட்டிய குழியில் பாடம் தலைகீழாக இருந்தது. மேலே 18 செ.மீ. மாவுபோல் வெளிறிய மணல். அதன் கீழே வெட்டென்ற கோட்டில் கறுத்த, வேர் அடர்ந்த மண். அதற்கும் கீழே வழக்கமான செவ்வல். எதை 'ஏ' அடுக்கு, அதாவது மேல்மண், என்று எழுதுவது என்று வெகுநேரம் குந்தியிருந்தேன்.

ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த காட்டுக்காரப் பெரியவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, ரொம்ப நேரமா ஒரே எடத்தையே பாத்துட்டிருக்கறே?"

"மேல இருக்கற மணல் கீழ இருக்கறதோட ஒட்டவே மாட்டேங்குதுங்க ஐயா."

"எப்படி ஒட்டும்? அது இந்தக் காட்டு மண்ணே இல்ல. மேக்காட்டு மண்ணு. ஆடிக் காத்து கொண்டாந்து போட்டது. எங்க ஐயன் காலத்துல இந்த வேலி இன்னும் ஒரு மொழம் ஒசரமாத் தெரியும்."

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை இந்தப் பக்கம் விடாமல் அடிக்கும். புல் தேய்ந்த காட்டிலிருந்து பொடிமணலைத் தூக்கிக்கொண்டு வந்து, கிளுவை வேலியில் முட்டி, அங்கேயே இறக்கிவிடும். நான் பார்த்த கறுத்த மண்தான் பழைய மேல்மண். மணலுக்கு அடியில் புதைந்துவிட்டது.

உங்கள் குழியிலும் இப்படி இருந்தால், மேல் மணலைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி லென்ஸில் பாருங்கள். காற்று கொண்டுவந்த மணல் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், பெரிய சரளையே இராது. மழைவெள்ளம் கொண்டுவந்தது என்றால் பெரிதும் சிறிதும் கலந்து, மெல்லிய படிவுக்கோடுகளோடு இருக்கும். புதைந்த அடுக்குக்குத் தனிக் குறி உண்டு, அதைப் போட்டு எழுதுங்கள். அப்புறம் முக்கியமானது: வேலியோரக் குழியை வைத்துக் காடு முழுவதையும் எழுதாதீர்கள். நடுக்காட்டில் இன்னொன்று வெட்டுங்கள். நான் வெட்டினேன், அந்த மணல் அங்கே இல்லவே இல்லை.

சுவரில் வட்டமாக வேறு நிறம்

முஷ்டி அளவு வட்டம், உள்ளே உதிரி மண்: எலி வளை தூர்ந்தது. மேலிருந்து குறுகிக்கொண்டே இறங்கும் கறுப்பு வாய்க்கால்: பட்டுப்போன வெள்வேல மரத்தின் வேர். விரல் அகல அறைகள், உள்ளே மெழுகின சுவர்: கறையான். மூன்றும் அடுக்கு அல்ல. மாதிரி எடுக்கும்போது இவற்றை ஒதுக்குங்கள்.

தண்ணீர் உள்ளே போகாமல் மேலேயே நிற்கிறது

மணல் மண்ணில் இதைப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கும். காய்ந்த மேல்மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துபோல உருண்டு 5 வினாடிக்கு மேல் நின்றால், மக்கிய இலைதழையின் மெழுகு மணலைப் போர்த்தியிருக்கிறது என்று பொருள். மர நிழலில், சருகு கிடக்கும் இடத்தில் சோதித்துப் பாருங்கள். சொட்டு உருளாமல் பரவி, ஆனால் மெதுவாக உறிஞ்சினால், அது மழைத்துளி அடித்துக் கட்டிய மேல் ஓடு. நகத்தால் கிளப்பினால் சில மி.மீ. கனத்தில் அப்பளம்போல் பெயரும். புல் மூடிய இடத்தில் அது இருக்காது, புல் இல்லாத வெறும் தரையில் இருக்கும். இரண்டிலும் சோதித்து இரண்டையும் எழுதுங்கள்.

வேர்க் கணக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை

கம்பியில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சட்டம் ஒன்று வளைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் சுவரில் வைத்து, உள்ளே தெரியும் வேர்களை எண்ணுங்கள். கொழுக்கட்டைப் புல்லின் வேர், தடை இல்லாவிட்டால் ஒன்றரை மீட்டருக்கும் கீழே போகும். அது 40 செ.மீ.யில் நின்றுவிட்டது என்றால், ஏன் நின்றது என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு 'கத்தி இறங்க மறுக்கிறது' பகுதிக்குத் திரும்புங்கள்.

நடுக்காட்டுக் குழியில் நான் எழுதிய தாள் இப்படி இருந்தது. 0–14: மணற்சாரி, ஈர நிறம் 5 ஒய்ஆர் 4/4 (மன்செல் குறி), மேல் 6 செ.மீ. தட்டுத் தட்டாக, வேர் மிக அதிகம், பொங்கல் இல்லை, எல்லை தெளிவு. 14–41: மணல் மிகுந்த இருமண்பாடு, 5 ஒய்ஆர் 4/6, வேர் அதிகம், பொங்கல் இல்லை, எல்லை படிப்படி. 41–78: களி கலந்த இருமண்பாடு, 2.5 ஒய்ஆர் 3/6, பருக்கைகளுக்கு நடுவே களிப் பாலம், வேர் நடுத்தரம், அடியில் லேசான பொங்கல். 78–102: வெங்கச்சங்கல்லும் சுக்கான் உருண்டையும் கன அளவில் ஏறக்குறையப் பாதி, பலத்த பொங்கல், வேர் குறைவு, எல்லை அலை. 102க்குக் கீழே: மக்கிய நைஸ், வரி சாய்வு, காக்காப்பொன், வேர் பிளவில் மட்டும்.

தூர்க்கும்போது அடிமண் முதலில், மேல்மண் கடைசியில். மாற்றிப் போட்டால் அந்த இடத்தில் சுக்கான் மேலே வந்து, புல் வருவதற்கு வருஷமாகும். அன்றைக்கே தூர்க்க முடியாவிட்டால் சுற்றிலும் முள் வெட்டிப் போட்டுவிட்டுப் போங்கள். முள் போட மறந்த ஒரு நாள் காலையில், என் ஆணி வரிசைக்குக் கீழே ஒரு செம்மறிக் குட்டி நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது வரிசை ஆணியில் பாதியைக் காணோம். சுவரை மறுபடி மேலிருந்து நெம்ப வேண்டியதாகிவிட்டது.